உடம்புக்குள் ஓடும் சேதி

குழந்தை வளர்கிறது. வயது வந்ததும் பருவம் அடைகிறது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கிறது. பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது. ஓடுவதற்குக் காலில் பலம் வருகிறது.

இவை எல்லாம் யார் சொல்லி நடக்கின்றன?

நம் உடம்பில் சேதி போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நரம்பு. முள் குத்தியதும் காலைச் சட்டென்று இழுக்கிறோம். இது நரம்பின் வேலை. இது தொலைபேசி போல வேகமானது. இன்னொன்று ஹார்மோன். இது தபால் போன்றது. ரத்தத்தில் கலந்து போய்ச் சேதி சொல்லும்.

ஹார்மோன் என்பது என்ன?

உடம்பின் பல இடங்களில் சிறு சுரப்பிகள் உள்ளன. இவை சுரக்கும் பொருள் நேராக ரத்தத்தில் கலக்கிறது. அதுதான் ஹார்மோன். ரத்தம் உடம்பு முழுவதும் ஓடுகிறது. ஆனால் யாருக்கு எழுதிய கடிதமோ, அவர்தானே பிரித்துப் படிப்பார்? அதுபோல, உரிய உறுப்பு மட்டுமே அந்த ஹார்மோனின் பேச்சைக் கேட்கும்.

வயிற்றில் கணையம் என்ற உறுப்பு உள்ளது. அது இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அளவாக வைக்கிறது. அது குறைந்தாலோ சரியாக வேலை செய்யாவிட்டாலோ சர்க்கரை நோய் வருகிறது.

ஹார்மோன் மிகச் சிறிய அளவே சுரக்கும். அது கூடினாலும் துன்பம். குறைந்தாலும் துன்பம். இதற்குத் தைராய்டு நல்ல எடுத்துக்காட்டு.

கழுத்தில் ஒரு பட்டாம்பூச்சி

கழுத்தின் முன்பக்கம் தைராய்டு சுரப்பி இருக்கிறது. பட்டாம்பூச்சி போன்ற வடிவம் கொண்டது. உடம்பு எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்று இதன் ஹார்மோன் சொல்கிறது. அடுப்பில் தீயைக் கூட்டிக் குறைப்பது போன்ற வேலை இது.

இந்த ஹார்மோன் குறைந்தால் உடம்பு சோர்ந்துபோகும். எடை கூடும். குளிர் தாங்காது. தோல் வறண்டுபோகும். மலச்சிக்கல் வரும். பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராமல் போகலாம். இது பெண்களுக்கே அதிகம் வருகிறது. வீட்டில் இருப்பவர்கள் அவர்களைச் "சோம்பேறி" என்று ஏசுவதும் உண்டு. ஆனால் அது சோம்பல் அல்ல. நோய்.

கழலை ஏன் வருகிறது?

தைராய்டு ஹார்மோனைச் செய்ய அயோடின் என்ற சத்து வேண்டும். அயோடின் மண்ணிலிருந்து பயிருக்கு வருகிறது. பயிரிலிருந்து நமக்கு வருகிறது. மழையும் வெள்ளமும் மண்ணில் உள்ள அயோடினை அரித்துச் சென்றுவிடுகின்றன. அந்த மண்ணில் விளையும் உணவிலும் அயோடின் குறைவாகவே இருக்கும்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. இது தைராய்டுக்கு மேஸ்திரி. ஹார்மோன் குறைந்தால், "இன்னும் சுரந்து கொடு" என்று சேதி அனுப்பும். போதுமான அளவு வந்ததும் சேதியைக் குறைத்துக்கொள்ளும்.

அயோடின் இல்லாவிட்டால் என்ன ஆகும்? செங்கல் சூளையை நினைத்துப் பாருங்கள். மண் இல்லை. மேஸ்திரியோ விரட்டிக்கொண்டே இருக்கிறார். ஆட்களைக் கூட்டுகிறார்கள். களத்தைப் பெரிதாக்குகிறார்கள். ஆனால் கல் மட்டும் வரவில்லை. தைராய்டும் இப்படித்தான் வீங்குகிறது. அந்த வீக்கமே கழுத்துக் கழலை.

கழலை கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கேடு இதைவிடப் பெரியது. கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளரத் தைராய்டு ஹார்மோன் வேண்டும். தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி கெடும். காது கேளாமல், பேச்சு வராமல் போகலாம். பிறகு என்ன மருந்து கொடுத்தாலும் இழந்ததை முழுவதும் மீட்க முடியாது.

காங்ரா காட்டிய வழி

இன்றைய இமாசலப் பிரதேசத்தில் காங்ரா பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே ஏராளமான மக்களுக்குக் கழலை இருந்தது. 1956-ஆம் ஆண்டு டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு கொடுத்தார்கள். மூன்றாவது பகுதிக்குச் சாதாரண உப்பு போயிற்று.

சில ஆண்டுகள் கழிந்தன. அயோடின் உப்பு உண்ட இரண்டு பகுதிகளிலும் கழலை நன்றாகக் குறைந்தது. மூன்றாவது பகுதியில் குறையவில்லை. பிறகு அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள்.

1962-ஆம் ஆண்டு மைய அரசு தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மலைநாட்டில் மட்டும் அல்ல, சமவெளியிலும் அயோடின் குறைவு உண்டு என்பது பின்னர் தெரிந்தது. 2006-ஆம் ஆண்டு மே மாதம் முதல், மக்கள் உண்பதற்கு அயோடின் இல்லாத உப்பை விற்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது.

நாம் செய்ய வேண்டியது

ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்கும் தேவையான அயோடின் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவுதான். ஆனால் அதை மொத்தமாகச் சாப்பிட முடியாது. தினமும் சிறிது சிறிதாகச் சேர வேண்டும்.

• உப்பு வாங்கும்போது பொட்டலத்தைப் படியுங்கள். "அயோடின் கலந்தது" என்று இருக்கிறதா? சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா?

• உப்பை மூடி வையுங்கள். வெயிலும் ஈரமும் பட்டால் அயோடின் குறைந்துபோகும்.

• அயோடின் வேண்டும் என்று உப்பை அள்ளிப் போடாதீர்கள். உப்பு கூடினால் ரத்த அழுத்தம் கூடும்.

• எல்லாத் தைராய்டு நோயும் உப்பால் தீராது. வேறு காரணங்களும் உண்டு. சோர்வோ கழுத்து வீக்கமோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

• மருத்துவர் தைராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். கருவுற்றதும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்போது மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம்.

பதில் சொல்லுங்கள்

1. ஹார்மோன் எதன் வழியாகப் போகிறது?
2. அயோடின் குறைந்தால் தைராய்டு ஏன் வீங்குகிறது?
3. காங்ராவில் எத்தனை பகுதிகளுக்கு முதலில் அயோடின் உப்பு கொடுத்தார்கள்?
4. உங்கள் வீட்டு உப்புப் பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது? படித்து, பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.