மோட்டார் வண்டியின் காற்று வடிகட்டி

தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி ஆகிய ஊர்களைக் கடந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையின்மேல் பொத்தேரி அமைந்துள்ளது. மாணவர் பெருந்தொகையினராய் வாழும் அவ்வூர்ப் பக்கத்தே மாலை வேளையிற் சிறிது நேரம் நிற்போமாயின், சில மோட்டார் வண்டிகள் தமக்கு இயல்பல்லாத ஓர் உறுமலோடு விரைவதைக் கேட்கலாம். அவற்றுட் சிலவற்றில், தொழிற்சாலையார் வைத்த காகித வடிகட்டி நீக்கப்பட்டு, கடையில் தனியே விற்கும் 'பெர்ஃபார்மன்ஸ் ஏர் ஃபில்டர்' பொருத்தப்பட்டிருக்கும். இதனால் வண்டியின் வலிமை பெருகும், பெட்ரோலும் மிச்சமாகும் என்பது விற்போர் கூற்று. நம் மாணவ நண்பர்களுள்ளும் இதனை நம்பிச் சில ஆயிரம் ரூபாய் செலவிட எண்ணுவோர் உளர். அக்கூற்று எத்துணை மெய் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பெட்ரோல் தானே எரிவதில்லை. காற்றோடு கலந்தே எரிகின்றது. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். கணக்கிட்டுப் பார்ப்பின், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கு மேற்பட்ட காற்றை இயந்திரம் உட்கொள்கின்றது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டி 10,000 கிலோமீட்டர் ஓடி முடிக்கையில் 60 லட்சம் லிட்டர் காற்று அதனுட் சென்றிருக்கும். அக்காற்று எவ்வூர்க் காற்று என்பதே நாம் முதலிற் கேட்கவேண்டிய வினா.

நம் சுற்றுப்புறத்துப் பாறையைப் பற்றி ஒரு செய்தி. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பாரது கல்லறையை மூடிய கல் சென்னைப் பக்கத்திலிருந்து சென்றது. அவ்வினக் கல்லைப் பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளில் ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு, அவர் பெயராலேயே அதற்குச் 'சார்னாக்கைட்' என்று பெயரிட்டார். இக்கல்லில் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் கலந்துள்ளது. இயந்திரத்தின் சிலிண்டர்ச் சுவராகிய வார்ப்பிரும்பைக் காட்டிலும் குவார்ட்ஸ் கடினமானது. கல்லுடைக்கும் இடங்களிலிருந்து ஜல்லியும் துகளும் ஏற்றிய லாரிகள் ஓயாது செல்லும் இச்சாலைகளில் எழும் புழுதி, வெறும் மண்ணன்று. நுண்ணிய அரம் என்றே கூறலாம். அது பிஸ்டன் வளையங்களுக்கும் சுவருக்கும் இடையே புகுந்து தேய்க்கும். எண்ணெயிற் கலந்து தாங்கிகளையும் அரிக்கும். டர்போ அமைந்த வண்டிகளில் அதன் சுழல்தகடுகளும் தேயும். இத்தேய்மானம் உடனே புலப்படாது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, எண்ணெய் குறைவதும் நீலப்புகை எழுவதும் கண்டபின்னரே உடையவர் விழித்துக்கொள்வார்.

ஒரு வடிகட்டி புழுதியில் நூற்றுக்கு 99 பங்கையும் மற்றொன்று 97 பங்கையும் தடுக்கின்றன என்று கொள்வோம். வேறுபாடு இரண்டே என்று தோன்றும். ஆயின் உள்ளே நுழைவது முன்னதில் ஒரு பங்கு, பின்னதில் மூன்று பங்கு. அஃதாவது மும்மடங்கு புழுதி! விளம்பரங்கள் இவ்வெண்ணை எடுத்துரைப்பது அரிது.

இனி, வலிமை பெருகும் என்பதைப் பார்ப்போம். புதிய காகித வடிகட்டியொன்று, இயந்திரம் முழுவேகத்திற் காற்றை இழுக்கும்போது ஒரு கிலோபாஸ்கல் அளவு தடை செய்வதாகக் கொள்வோம். வளிமண்டல அழுத்தமோ 101 கிலோபாஸ்கல். ஆகவே வடிகட்டியை அறவே எடுத்து எறிந்தாலும் கிடைக்கும் ஆதாயம் நூற்றுக்கு ஒன்றளவே. எண்பது குதிரைத்திறனுள்ள வண்டியில் அது முக்கால் குதிரை. அதுவும் முடுக்கியை அடிவரை மிதிக்கும்போது மட்டுமே. பெருங்களத்தூர் நெரிசலில் ஊர்ந்து செல்கையில் த்ராட்டில் என்னும் அடைப்பிதழே பெரும்பகுதி மூடியிருந்து காற்றைத் தடுக்கின்றது. அப்பொழுது வடிகட்டியின் தடை ஒரு பொருட்டன்று.

பெட்ரோல் மிச்சமாகும் என்னும் நம்பிக்கை கார்புரேட்டர்க் காலத்தது. அக்காலத்து அம்பாஸிடர் போன்ற வண்டிகளில் வடிகட்டி அடைபட்டால் பெட்ரோல் மிகுதியாய்க் கலந்து வீணாகும். இக்கால வண்டிகளிலோ கணினிக் கருவி காற்றை அளந்து அதற்கேற்பவே எரிபொருளைத் தெளிக்கின்றது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தார் 2009-ஆம் ஆண்டில் இதனைச் சோதித்தனர். அடைபட்ட வடிகட்டியை மாற்றியபோதும் எரிபொருட் செலவிற் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. வண்டி வேகமெடுக்கும் நேரம் மட்டும் நூற்றுக்கு 6 முதல் 11 வரை சீர்பட்டது. அழுக்கடைந்ததை மாற்றிய பயன் அது. நல்ல நிலையிலுள்ள காகிதத்தை நீக்கி வேறொன்றை வைத்த பயன் அன்று.

அங்ஙனமாயின் பலர் வலிமை கூடியதாக உணர்வது ஏன்? காற்றுறிஞ்சும் ஓசை பெருகுவதே காரணம் எனலாம். செவி கேட்டதை மனம் வேகமென்று கொள்கின்றது.

இவ்வடிகட்டிகளும் ஒரே வகையின அல்ல. தொழிற்சாலைப் பெட்டியினுள்ளேயே பொருந்தும் எண்ணெய் தோய்ந்த பருத்தித்துணி வடிகட்டி ஒருவகை. அதனைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். எண்ணெயை மிகுதியாகத் தடவினால், காற்றை அளக்கும் மெல்லிய சூட்டுக்கம்பியில் அது படிந்து கணக்கைக் கெடுக்கும். பெட்டியையே நீக்கி இயந்திர அறையினுள் திறந்தபடி வைக்கும் கூம்பு வடிகட்டி மற்றொருவகை. இதனை நாம் சிறிதும் விரும்பவில்லை. வெளிக்காற்று 35 பாகை வெப்பத்தில் இருக்க, மூடிய அறைக்காற்று 65 பாகையாயின், அதன் அடர்த்தி நூற்றுக்கு ஒன்பது குறையும். ஒன்றைப் பெற ஒன்பதை இழப்பது சென்னை வெயிலில் என்ன வாணிகமோ அறியோம்! குளிர்காற்றை நாடிக் குழாயை முன்பம்பருக்குக் கீழே தாழ்த்தி வைப்பாரும் உளர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இப்பகுதியார் மறந்திலர். நீர் அமுங்காப் பொருள். தாழ்ந்த குழாய்வழியே ஒருமுறை சிலிண்டரினுள் நீர் புகுந்தால் இணைப்புத்தண்டு வளைந்துவிடும். பின்னர் இயந்திரத்தையே பிரிக்கவேண்டும்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடத்தில் ஓடுவோர் திறந்த வடிகட்டி வைக்கின்றனரே என்பர். அவர் இயந்திரத்தை அடிக்கடி பிரித்துப் புதுக்குபவர். நாமோ பத்தாண்டு ஓட்டக் கருதுபவர்.

மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் எவ்வகையும் கிடைக்கும். வாங்குவோர் குதிரைத்திறனைக் கேளாது, ஐ.எஸ்.ஓ. 5011 முறைப்படி சோதித்த வடிகட்டும் திறன் எவ்வளவு என்று கேட்பாராக. விடை இல்லையெனில் வண்டிக்கு உரிய காகித வடிகட்டியே போதும். புழுதிச் சாலையிற் செல்வோர், கையேடு குறித்த தூரத்திற்கு முன்னரே அதனை மாற்றலாம். ஆயின் வாரந்தோறும் கழற்றித் தட்டுதல் கூடாது. மேலே படியும் மெல்லிய புழுதிப்படலமே பின்வரும் நுண்துகளைத் தடுக்க உதவுகின்றது. காற்றுக்குழலை வைத்து ஊதினால் காகிதம் கிழியவுங்கூடும்.

எவ்வகையை வைத்தாலும் ஓராயிரம் கிலோமீட்டர் ஓடியபின் வடிகட்டிக்கு அப்பாலுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க. துணியிற் புழுதி கண்டால், விளிம்பு சரியாக அமர்ந்துள்ளதா என்று நோக்குக. அமர்ந்திருந்தும் புழுதி கண்டால் அவ்வடிகட்டியை அன்றே நீக்கிவிடுக.