சொற்களின் பிறப்பிடம் தேடி

வெளிமாநிலங்களில் வாழும் நாம் வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பேசுகிறோம். இம்மொழிகளில் ஒன்றுபோல் ஒலிக்கும் சில சொற்கள் நம் செவியில் விழுகின்றன. உடனே, "இது தமிழிலிருந்து சென்ற சொல்" என்று மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சிக்குச் சான்று உண்டா என்று அறிவது எவ்வாறு?

சொல்லின் வரலாற்றை ஆராய்வோர் மூன்று வினாக்களை எழுப்புவர். அச்சொல் எந்த நூலில், எந்த ஆண்டில் முதன்முதலாகக் காணப்படுகிறது? அப்பொழுது அதன் பொருள் யாது? அதனை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுசென்றவர் யாவர்? ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி இவ்வாறு சான்றுகளைத் திரட்டியே தொகுக்கப்பெற்றது. தன்னார்வலர் பலர் நூல்களைப் படித்து, சொற்கள் பயின்றுவந்த தொடர்களைச் சிறு தாள்களில் எழுதி அனுப்பினர். அதன் முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. முழுப்பணியும் 1928இல் நிறைவுற்றது.

இனி, மூன்று ஆங்கிலச் சொற்களை ஆராய்வோம்.

முதலாவது, 'கேட்டமரான்'. வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலேய மாலுமி 1697இல் தம் கடற்பயண நூலை வெளியிட்டார். சோழமண்டலக் கரையில் மிதவைகளை இப்பெயரால் அழைப்பதாக அதில் அவர் குறித்துள்ளார். தமிழில் கட்டு + மரம் = கட்டுமரம். இடம், பொருள், ஒலி ஆகிய மூன்றும் பொருந்துகின்றன. இன்று ஆங்கிலத்தில் இச்சொல் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. பொருள் மாறினும் பிறப்பிடம் மாறவில்லை. இது தமிழ்ச்சொல்லே.

இரண்டாவது, 'கேஷ்'. ஆங்கிலத்தில் இவ்வடிவில் இரண்டு சொற்கள் உள்ளன. தென்னிந்தியாவிலும் சீனாவிலும் வழங்கிய சிறு நாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்', நம் 'காசு' என்பதிலிருந்து போர்ச்சுக்கீசியர் வாயிலாகச் சென்றது. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பழைய சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம் ஆகும். ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு. அதன் மூலம், பெட்டி எனப் பொருள்படும் 'காப்சா' என்னும் இலத்தீன் சொல். பணம் வைக்கும் பெட்டியின் பெயர், பின்னர் அதிலுள்ள பணத்துக்கு ஆகிவந்தது. தமிழ் இலக்கணம் இதனை ஆகுபெயர் என்னும்.

மூன்றாவது, 'எய்ட்'. இதுவும் 'எட்டு' என்பதும் ஒலியால் நெருங்கியவை, பொருளும் ஒன்றே. ஆயினும் இவை உறவுடையன அல்ல. இலத்தீனின் 'ஆக்டோ', வடமொழியின் 'அஷ்ட', இந்தியின் 'ஆட்' என்பனவே ஆங்கிலச் சொல்லின் உறவுகள். பழைய உரோமானிய நாட்காட்டியில் எட்டாம் திங்களாக இருந்த அக்டோபரின் பெயரிலும் அவ்வேர் உண்டு. தமிழின் வேரோ வேறு. எண்பது, எண்ணூறு ஆகிய சொற்களை நோக்குக. 'எண்' என்னும் பழைய வடிவம் புலப்படும். கன்னடத்தின் 'எண்டு', தெலுங்கின் 'எனிமிதி' ஆகியன இதன் உறவுகள்.

ஆகவே, ஒலி ஒப்புமை ஆராய்ச்சியின் தொடக்கமே, முடிவு அன்று. 'எய்ட்' என்பதையும் தமிழ் என்று சாதிப்பவர், கட்டுமரத்தைப் பற்றிச் சொல்லும் உண்மையையும் பிறர் ஐயுறச் செய்துவிடுவார். உரியதை உரியது என்றும், அல்லாததை அல்லாதது என்றும் கூறுபவர் சொல்லே நிலைக்கும். தாய்மொழிக்கு நாம் செய்யும் தொண்டும் அதுவே.

அருஞ்சொற்பொருள்
மிதவை – நீரில் மிதக்கும் மரக்கலம்
ஒப்புமை – ஒத்திருக்கும் தன்மை
ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல்
திங்கள் – மாதம்

பயிற்சி
1. சொல்லாராய்ச்சியாளர் எழுப்பும் மூன்று வினாக்கள் யாவை?
2. 'கேஷ்' என்னும் வடிவிலுள்ள இரு சொற்களையும் வேறுபடுத்திக் காட்டுக.
3. 'எட்டு' என்பதன் பழைய வடிவத்தை எச்சொற்களால் அறியலாம்?
4. பொருத்துக: ஷெரூட், மலிகட்டானி – மிளகுத்தண்ணீர், சுருட்டு.
5. செயல்பாடு: நீங்கள் வாழும் மாநில மொழியில் தமிழை ஒத்து ஒலிக்கும் ஐந்து சொற்களைத் தொகுக்க. அவற்றின் மூலத்தை அகராதியில் கண்டு, உறவுடையன, உறவற்றன எனப் பிரித்து எழுதுக.