பின் நம்பர் தெரிந்தால் போதுமா?

கேள்வி: என் கணவர் போசரி எம்.ஐ.டி.சி.யில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். சம்பளம், சேமிப்பு, ஊருக்கு அனுப்பும் பணம், பிள்ளைகளின் போட்டோக்கள் எல்லாம் அவர் போனில்தான். வியாழக்கிழமை லீவன்று, "உங்களுக்கு ஏதாவது ஒன்று என்றால் நான் என்ன செய்வது?" என்று கேட்டேன். "பின் நம்பர்தான் உனக்குத் தெரியுமே, நாமினியும் நீதானே" என்று முடித்துவிட்டார். அது போதுமா?
- ஒரு வாசகி, போசரி, புனே

பதில்: சகோதரி, இப்படிக் கேட்டால் "வாயைக் கழுவு" என்று அதட்டும் வீடுகள்தான் அதிகம். உங்கள் கணவர் பதிலாவது சொல்லியிருக்கிறார். ஆனால் அது பாதிப் பதில்தான்.

முதலில் பின் நம்பர். அது பூட்டைத் திறக்கும், உரிமையைத் தராது. கணக்குக்காரர் காலமானபின் அவர் கார்டில் பணம் எடுப்பது, மனைவியே எடுத்தாலும், முறையல்ல. நாளை மாமியாரோ மற்ற வாரிசுகளோ கணக்குக் கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். வங்கிக்குத் தகவல் போய்விட்டால் கணக்கே நின்றுவிடும். பின் நம்பருக்கு வேலை இல்லை.

அடுத்து நாமினி. பணத்தைப் பெற்றுக்கொள்ள நியமிக்கப்பட்டவர் என்பதுதான் அதன் பொருள், சொந்தக்காரர் என்பதல்ல. உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தொங்கும் காலநிர்ணய் நாள்காட்டியைத் தொடங்கிய ஜயந்த் சாள்காவ்கர் 2013இல் காலமானார். அவருடைய முதலீடுகள் நாமினிகளுக்கே சொந்தமா, உயிலின்படி பிரிப்பதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2023 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: பங்குகளிலும் மியூச்சுவல் ஃபண்டிலும் நாமினி வெறும் பொறுப்பாளர், சொத்து உயில்படியோ வாரிசுரிமைச் சட்டப்படியோதான் சேரும். ஆயுள் காப்பீட்டில் நிலை சற்று வேறு: மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே என்கிறது 2015 திருத்தம். இதற்காக நாமினி வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். நாமினி இல்லாத கணக்கில் பணம் வாங்க அலைச்சல் அதிகம்.

அப்படியானால் குடும்பங்கள் எங்கே தடுமாறுகின்றன? பெரும்பாலும் எந்தெந்தக் கணக்கு இருக்கிறது என்பதே தெரியாமல்தான். அதைச் சொல்லக்கூடியது சிம் கார்டு. வங்கிக் குறுஞ்செய்தி, எஸ்.ஐ.பி. (மாதாமாதம் பிடிக்கும் முதலீட்டுத் தவணை), பிரீமியம் நினைவூட்டல் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். காரியம் முடிந்த கையோடு "இனி எதற்கு ரீசார்ஜ்?" என்று விட்டுவிட்டால் தடயம் அறுந்துபோகும். துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழிந்தபின் வேறொருவர் கைக்கும் போகலாம். பணம் எடுக்க அல்ல, தகவல் தெரிந்துகொள்ள அந்த எண்ணைச் சில மாதம் உயிரோடு வைத்திருங்கள்.

போட்டோக்களின் கதை வேறு. ஜிமெயில் கணக்கு என்பது அந்த நிறுவனத்துக்கும் உங்கள் கணவருக்கும் இடையிலான ஒப்பந்தம். வங்கியில் போட்ட நாமினி அங்கே செல்லாது. அங்கே அவரே தனியாக உங்கள் பெயரைச் சொல்லிவைக்க வேண்டும். கூகுள் இதற்கு 2013இலேயே வழி வைத்தது: 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்', அதாவது கணக்கு நெடுநாள் அசையாமல் கிடந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு. 3 மாதம் முதல் 18 மாதம்வரை கெடு வைக்கலாம். 10 பேர்வரை சேர்க்கலாம். ஏற்பாடு இல்லாமல் 2 ஆண்டு தொடாமல் கிடந்தால், கணக்கையே கூகுள் அழித்துவிடக்கூடும். ஐபோனில் 'லெகசி கான்டாக்ட்' என்று இருக்கும். 5 பேர்வரை சேர்க்கலாம். அவர் தரும் சாவி எண்ணோடு இறப்புச் சான்றிதழும் கொடுத்தால் போட்டோக்கள் கிடைக்கும்.

அடுத்த வியாழக்கிழமை இரண்டு பேரும் உட்காருங்கள். ஒரு நோட்டில் வங்கி, பி.எஃப்., காப்பீடு, மின்னஞ்சல் என்று எங்கெங்கே என்னென்ன என எழுதுங்கள், பாஸ்வேர்டு வேண்டாம். ஒவ்வொன்றிலும் நாமினி பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். உயில் எழுதினால் காகிதத்தில், இரண்டு சாட்சிகள் கையெழுத்தோடு எழுதுங்கள். வாட்ஸ்அப் குரல்பதிவு உயில் ஆகாது. மின்னணு ஆவணங்களை ஏற்கும் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலுக்கு இடம் தரவில்லை.

அந்த நோட்டில் உங்கள் கணக்குகளுக்கும் ஒரு பக்கம் விடுங்கள். ஏலச்சீட்டு யாரிடம், எத்தனை தவணை பாக்கி என்பது அவருக்குத் தெரியுமா?