ஆள் வராத வசூல்: வீட்டுச் சந்தாக்களைக் கணக்குப் பார்ப்போம்

கடைக்கு நாள்வழி எழுதுகிறோம், பேரேடு எழுதுகிறோம். இருப்பில் பத்து ரூபாய் இடித்தால் ராத்திரி கடை அடைத்த பிறகும் உட்கார்ந்து தேடுகிறோம். வீட்டுச் செலவுக்கு மட்டும் நம்மில் பெரும்பாலோர் ஏடு வைப்பதில்லை.

முன்பெல்லாம் மாதம் பிறந்தால் பேப்பர்காரர் வருவார், பால்காரர் வருவார், கேபிள்காரர் அட்டையோடு வாசலில் நிற்பார். பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதே, "இந்தப் பத்திரிகையை யாரும் படிப்பதில்லை, அடுத்த மாதம் போட வேண்டாம்" என்று ஒரு வார்த்தையில் நிறுத்திவிடலாம். 2020 ஜூலையில் யு.பி.ஐ.யில் ஆட்டோபே வசதி வந்தது. ஒரு முறை சம்மதம் கொடுத்தால் போதும், மாதாமாதம் பணம் தானாகப் போகும். வசூலுக்கு ஆள் வருவதில்லை. ஆகவே வேண்டாம் என்று சொல்லும் சந்தர்ப்பமும் வருவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கேபிள் இருக்கும் வீட்டிலேயே பார்க்காத டிஷ்ஷுக்கு 300, பேரன் ஒரே படத்துக்காகச் சேர்ந்த சினிமா செயலிக்கு 200, பாட்டுக்கு 100, மேஜைக்குள் கிடக்கும் இரண்டாவது போனின் ரீசார்ஜுக்கு 200. மொத்தம் 800 ரூபாய். 50 கிலோ சர்க்கரை மூட்டையில் செலவு போகக் கிலோவுக்கு ஒரு ரூபாய் நிற்பதாக வைத்துக்கொண்டாலும், இது 16 மூட்டை விற்ற லாபம். வருஷத்துக்கு 192 மூட்டை. அத்தனையும் கொள்முதல் செய்து, இறக்கி, எடை போட்டு, கடன் வசூலித்துச் சேர்த்த காசு. விற்பனையை 16 மூட்டை கூட்டுவது நம் கையில் இல்லை. இதை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது.

பார்ப்பது எப்படி? பாங்கி பாஸ்புத்தகத்தில் ஒரு வருஷப் பதிவு போட்டு வாங்கி வாருங்கள். மூன்று மாதம் போதாது. வருஷ சந்தா ஒரே ஒரு தடவைதான் தலை காட்டும். பற்றுப் பக்கத்தில் பெயர் புரியாத தொகையையெல்லாம் சுழித்துக்கொண்டு, இது யாருக்கு, கடைசியாக எப்போது உபயோகப்பட்டது என்று வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். அதட்டிக் கேட்டால் உண்மை வராது. அப்பா தினமும் படிக்கும் பேப்பரை நிறுத்தி மிச்சம் பிடிக்க வேண்டாம். யாரும் தொடாததைத்தான் தேடுகிறோம்.

போனிலிருந்து செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்தால் நாம் கொடுத்த சம்மதங்கள் வரிசையாக இருக்கும், அங்கேயே ரத்து செய்யலாம். பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்தது என்றால் அதிலுள்ள சந்தாப் பகுதியில் போய் ரத்து செய்ய வேண்டும். அங்கே ரத்து செய்தாலும் பணம் கட்டிய நாள் வரை பெரும்பாலும் ஓடும். ஆகவே கடைசித் தேதி வரை காத்திருந்து மறந்து போக வேண்டாம். "முதல் மாதம் ஒரு ரூபாய்" என்று சேர்ப்பவற்றுக்கு இது ரொம்ப முக்கியம். ரிசர்வ் வங்கி விதிப்படி 2021 அக்டோபர் 1 முதல், இப்படிப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். வரத்தான் செய்கிறது. விளம்பரக் குப்பையோடு சேர்ந்து வருவதால் யாரும் படிப்பதில்லை.

கேபிளிலும் டிஷ்ஷிலும் 2019 பிப்ரவரி முதல் நாம் தேர்ந்தெடுக்கும் கட்டணச் சேனலுக்கு மட்டும் பணம் கட்டலாம். மொழி தெரியாத சேனல்கள் உள்ள தொகுப்பு எதற்கு? கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கடையையும் ஒரு பார்வை பாருங்கள். பணம் வந்ததைக் கூவிச் சொல்லும் பெட்டி சில கடைகளில் இரண்டு மூன்று நிற்கிறது. மாத வாடகை உள்ளதாக இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்கலாம்.

இரண்டு இடங்களில் அவசரம் கூடாது. இரண்டாவது போன் எண் பாங்கிக் கணக்கில் பதிவாகி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இணைப்பு ரத்தாகி 90 நாள் கழிந்தால் அந்த எண் வேறொருவருக்குப் போகலாம். பிள்ளைகளின் பாடச் செயலிக்குத் தவணை பிடித்தால், அது சந்தாவா, நிதி நிறுவனத்தின் கடனா என்று பாருங்கள். கடன் என்றால் பாங்கியில் நிறுத்தினாலும் பாக்கி நம் தலையில்தான் நிற்கும்.

பிரதமர் பெயரிலுள்ள விபத்துக் காப்பீட்டுக்கு வருஷம் 20 ரூபாயும், ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாயும் 2022 ஜூன் முதல் பிடிக்கிறார்கள். இவை அவசியம் இருக்கட்டும். ஆனால் ஒருவர் ஒரு கணக்கு வழியாகத்தான் சேரலாம். மூன்று பாங்கியில் பிடித்தாலும் ஒவ்வொரு திட்டத்திலும் கிடைப்பது இரண்டு லட்சம்தான். மே மாதக் கடைசியில் பற்று விழும். அதற்கு முன்பே, அதிகப்படியான கணக்குள்ள பாங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுங்கள். எந்தக் கணக்கில் காப்பீடு ஓடுகிறது என்பதை மனைவியிடமும் சொல்லி வையுங்கள்.