'ரெய்டு' என்னும் சொல்

எங்கள் விஸ்வநத்தத்தில் ஆங்கிலம் படியாதவர்களும் அறிந்த ஆங்கிலச் சொற்களுள் ஒன்று 'ரெய்டு'. பட்டாசு ஆபீஸ் வாசலில் அதிகாரிகளின் ஜீப் நின்றால் போதும், அச்சொல் தெரு முழுவதும் பரவிவிடும். அதன் பொருளையும் பிறப்பையும் இங்கே காண்போம்.

பொருள்: திடீரெனப் பாய்ந்து, எண்ணியதை முடித்து, உடனே திரும்புதல். படையெடுப்பு என்பது வேறு. படையெடுப்பவன் நாட்டைப் பிடித்து ஆள நினைப்பான். ரெய்டு செல்பவன் அங்கே தங்குவதில்லை. கபடியில் பாடிச் செல்பவரை 'ரெய்டர்' என்பதும் இப்பொருளில்தான். 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்துவிட்டு மறைந்த ஜெர்மானியக் கப்பல் எம்டன் செய்ததும் ரெய்டே.

பிறப்பு: பழைய ஆங்கிலத்தில் 'ராட்' என்றால் குதிரைமேல் செல்லுதல். அச்சொல் இங்கிலாந்தில் 'ரோடு' ஆயிற்று. வடக்கே ஸ்காட்லாந்தில் 'ரெய்டு' ஆயிற்று. அவ்விரு நாட்டு எல்லைப்புறத்தார் குதிரையேறிச் சென்று அயலாரின் மாடுகளை ஓட்டி வருவது அக்கால வழக்கமாயிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் வால்டர் ஸ்காட் தம் நூல்களில் எடுத்தாண்ட பின்னரே இச்சொல் பொது ஆங்கிலத்தில் பரவியது. ஆகவே ரோடும் ரெய்டும் ஒரு தாய் மக்கள்.

நம் முன்னோரும் இதனை அறிவர். பகைவரின் ஆநிரை கவரச் சென்றோர் வெட்சிப் பூச் சூடினர். அதனை மீட்கச் சென்றோர் கரந்தை சூடினர். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகல்லில், ஆநிரை கவர்தலைக் குறிக்கும் 'ஆகோள்' என்ற சொல்லே பொறிக்கப்பட்டுள்ளது.

இனி என் வீட்டுக் கதை. என் அம்மா ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினார். ஒருநாள் "ரெய்டு!" என்று குரல் வந்ததும், கணக்கப்பிள்ளை பிள்ளைகளையெல்லாம் சாக்குகளுக்குப் பின்னே ஒளித்துவிட்டார். தம்மைப் பிடித்துப்போக வந்திருக்கிறார்கள் என்று நடுங்கி, மூச்சையடக்கி இருந்தாராம் அம்மா. ஜீப் போய்விட்டது. பிற்காலத்தில், 1996 டிசம்பர் 10 அன்று, சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும், குழந்தை பள்ளிக்குச் செல்ல வேண்டும்.

"அன்று அவர்கள் கண்ணில் பட்டிருந்தால் நானும் படித்திருப்பேனோ என்னவோ" என்று அம்மா இன்றும் சொல்வார்.

தோழியரே, கவர வருவது வெட்சி. மீட்க வருவது கரந்தை. அந்த ஜீப்பில் வந்தவர்கள் கரந்தை சூடி வந்தவர்கள் என்று அந்த ஒன்பது வயதுச் சிறுமிக்குச் சொல்ல அன்று யாருமில்லை.