முகப்பருவும் ஈரப்பசையும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பர். முகத்தில் பரு தோன்றினாலோ நம் அகமே வாடிவிடுகிறது!

நெற்றி, மூக்கு, மோவாய் ஆகிய பகுதிகளில் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதி, கன்னங்களில் குறைவு. எண்ணெய்ப் பசையும் வறட்சியும் ஒரே முகத்தில் இருந்தால் அதுவே கலப்புச் சருமம். பருவ வயதில் ஹார்மோன்களால் எண்ணெய் பெருகி, இறந்த செல்களுடன் சேர்ந்து மயிர்த்துளைகளை அடைக்கிறது. அங்கே பாக்டீரியா பெருகிப் பரு உண்டாகிறது.

அழுக்கே காரணம் என்றெண்ணி நான் நாள்தோறும் ஆறு முறை சோப்புப் போட்டேன். கன்னம் வறண்டு எரிந்தது, பரு குறையவில்லை. பிறகு அம்மா ஹயலுரானிக் அமிலம் கலந்த சீரம் வாங்கித் தந்தார். 1934-இல் கார்ல் மேயர், ஜான் பாமர் ஆகிய இருவர் மாட்டின் கண்ணிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்த பொருள் இது. இது எண்ணெயன்று, நீரைப் பிடித்து வைப்பது.

முதலில் முழங்கையின் உட்புறம் தடவிப் பார்த்தேன், அரிப்பு இல்லை. பின்னர் ஈரமுகத்தில் இரண்டு துளி பூசி, அதன்மேல் எண்ணெயற்ற கிரீம் தடவினேன். நான்கு வாரங்களில் எரிச்சல் நின்றது. பருக்களோ முற்றிலும் மறையவில்லை. ஈரம் காப்பது வேறு, பருவுக்கு மருந்து வேறு என்று அறிந்தேன்.

தோழியரே, பருவைக் கிள்ளாதீர்கள். மிகுந்தால் மருத்துவரை நாடுங்கள். முகம் இறைவன் தந்தது. பருவைக் கண்டு எவரையும் கேலி செய்யாதிருப்போம்.