வெள்ளைக் காகமும் கண்ணின் நிறமும்

அல்லிநகரம்



மீறுசமுத்திரக் கண்மாய்க் கரையிலோ, முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களிலோ வெண்ணிறப் பறவையொன்று தென்பட்டால், அது இயல்பிலேயே வெண்மை கொண்டதா என்பதை முதலில் தெளிய வேண்டும். வரப்பில் பழுப்பாக ஒடுங்கி நிற்கும் மடையான் எழுந்து பறந்ததும் வெண்சிறகு விரிப்பதும், அரசவால் ஈப்பிடிப்பானின் முதிர்ந்த ஆண் கருந்தலையும் நீண்ட வெண்வாலுமாகத் திரிவதும் அவற்றின் இயற்கை.

காகம், மைனா, தவிட்டுக்குருவி ஆகியவை வெளுத்திருந்தால் கண்ணைப் பார்க்க வேண்டும். இறகுக்குக் கருமையும் பழுப்பும் தரும் நிறமி மெலனின், அதை உருவாக்கும் டைரோசினேஸ் என்ற நொதி பிறவியிலேயே செயல்படாவிட்டால் உடலில் எங்குமே மெலனின் இராது, இதுவே அல்பினிசம். கண்ணிலும் நிறமி இல்லாததால் உள்ளிருக்கும் குருதியின் நிறம் வெளித்தெரிந்து கண் சிவக்கிறது. பார்வையும் குன்றுவதால் அத்தகைய பறவைகள் பெரும்பாலும் இளமையிலேயே மடிகின்றன. ஆகவே நன்கு வளர்ந்து திரியும் வெள்ளைக் காகத்தை அல்பினோ என்று எழுதுவது பெரும்பாலும் பிழையாகவே முடியும். ‘பகுதி அல்பினோ’ என்பதோ பொருளற்ற வழக்கு, ஏனெனில் அந்நொதிக் குறை உடல் முழுவதையும் பற்றுவது.

நிறமிச் செல்கள் கரு வளரும்போதே தோலின் சில பகுதிகளையோ முழுத் தோலையுமோ சென்றடையாமற்போவது லூசிசம். இதில் கண் கருமை மாறாது. திட்டுகள் பெரும்பாலும் இருபுறமும் ஒத்து அமையும். உயிரியல் பூங்காக்களின் வெண்மயில் இவ்வகையே. பிரிட்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹெய்ன் வான் குரோவ் வலியுறுத்தும் மற்றொரு வகை, இறகுதிர்ப்புதோறும் வெண்மை கூடிவரும் நரை. சத்துக் குறைவாலும் காகத்தின் சிறகில் வெளிர்பட்டைகள் விழுவதுண்டு. நல்லுணவு கிடைத்தால் அடுத்த இறகுதிர்ப்பில் அவை மறையும்.

பச்சைக்கிளி இங்கே தனித்துக் கருதத்தக்கது. அதன் பசுமை, மஞ்சள் நிறமியும், மெலனின் பின்னணியில் இறகின் நுண்ணமைப்பு தோற்றுவிக்கும் நீலமும் சேர்ந்து பிறப்பதாதலால், மெலனின் நீங்கினால் கிளி வெளுக்காமல் மஞ்சளாகிறது. ஆணின் கழுத்து வளையத்தில் இளஞ்சிவப்பு மட்டும் எஞ்சுகிறது.

ஒருமுறை கண்டதைக் கொண்டு லூசிசத்தையும் நரையையும் பிரித்தறிவது பலவேளை இயலாது. அப்போது கண், அலகு, கால் ஆகியவற்றின் நிறத்தையும், வெளுத்த இறகுகள் எவையென்பதையும் குறித்து, ‘வெள்ளை இறகுகள் கொண்ட காகம்’ என்று மட்டும் எழுதி, அதே பறவையை அடுத்த இறகுதிர்ப்புக்குப் பின் மீண்டும் தேடிப் பார்ப்பதே முறையாகும்.